முதலில் மருந்து, பிறகு மேல்முறையீடு: அமெரிக்காவில் ஓபியாய்டு சிகிச்சை மருந்துக்குக் காப்பீடு மறுத்தால் என்ன செய்வது?

ஓபியாய்டு (ஹெராயினும் சில வலி மாத்திரைகளும் சேர்ந்த அபின் வகைப் பொருள்) பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். பார்மசிக்குப் போனால், "உங்கள் இன்சூரன்ஸ் இதை ஏற்கவில்லை" என்கிறார்கள். அமெரிக்காவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன தமிழ்க் குடும்பங்களில் பலர் அந்த இடத்திலிருந்தே பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். மருந்தின் பெயரை உரக்கச் சொல்லவே கூச்சம். வரிசையில் தெரிந்தவர் யாராவது நின்றுவிடுவார்களோ என்ற அச்சம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மறுப்பு இறுதி முடிவு அல்ல. பல நேரங்களில் அது முறையான முடிவுகூட அல்ல.

இந்த நோய்க்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்த மருந்துகள் மூன்று: பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன், நால்ட்ரெக்சோன். முதல் இரண்டும் எடுத்துக்கொள்பவர்களின் இறப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போகிறான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தவறு. மருந்து திடீரென நின்றால் ஓரிரு நாளில் உடல் வேதனை தொடங்கும். உடலின் தாங்குதிறனும் குறையத் தொடங்கும். வேதனை தாங்காமல் வெளியில் கிடைப்பதைத் தேடிப் போனால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது உயிரைப் பறிக்கும். தெருவில் விற்பதில் பெரும்பாலும் ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்திருக்கிறது. ஆகவே எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான்: இன்றைக்கு வேண்டிய மருந்து முதலில், காப்பீட்டு நிறுவனத்தோடு போராட்டம் அதன் பிறகு.

கவுன்டரை விட்டு நகரும் முன்

"மறுப்புக் குறியீடு என்ன, செய்தியில் என்ன எழுதியிருக்கிறது?" என்று பார்மசிஸ்டிடம் கேளுங்கள். அவருடைய திரையில் ஓர் எண்ணும் ஒரு வரியும் வந்திருக்கும். 75 என்றால் முன் அனுமதி வேண்டும், அதாவது மருந்து வாங்கும் முன் மருத்துவர் காப்பீட்டுத் திட்டத்திடம் ஒப்புதல் பெற வேண்டும். 70 என்றால் அந்த மருந்தோ, அந்த வடிவமோ திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இல்லை. 76 என்றால் திட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிட்டது. 79 என்றால் அடுத்த முறை வாங்கும் நாள் இன்னும் வரவில்லை. எண்ணையும் செய்தியையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து யாரை அழைப்பது என்பது அதைப் பொறுத்தது.

79 வந்தால், மருத்துவர் அளவைக் கூட்டியதால் மருந்து முன்னதாகத் தீர்ந்ததா என்று பாருங்கள். அப்படியானால் மருத்துவமனையோ பார்மசியோ காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து விளக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 70 வந்தால், மறுத்தது மருந்தையா வடிவத்தையா என்று கேளுங்கள். பியூப்ரெனார்ஃபினும், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலக்சோனும் சேர்ந்த மருந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் ஃபிலிமாகவும் கிடைக்கிறது. ஒரு திட்டம் ஜெனரிக் (பிராண்டுப் பெயர் இல்லாத) மாத்திரையை எளிதாகத் தரும், சபாக்சோன் என்ற பிராண்டு ஃபிலிமுக்கு மறுக்கும். வேறொரு திட்டத்தில் இது நேர்மாறாக இருக்கும். பட்டியலில் உள்ள வடிவம் நோயாளிக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவர் கருதினால், அன்றே சீட்டை மாற்றி எழுதச் சொல்லி வாங்கிவிடுவதுதான் என் யோசனை. விருப்பமான வடிவத்துக்காக அடுத்த வாரமும் போராடலாம். அந்த வடிவம் முன்பே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பார்மசியில் மருந்து இருப்பில் இல்லை என்றால் அது காப்பீட்டுச் சிக்கலே அல்ல. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் பல கடைகள் குறைவாகவே வைத்திருக்கின்றன. வேறு கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சீட்டை அங்கே அனுப்பும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்றைய மருந்துக்கு வழி

மருத்துவரின் அலுவலகத்தை அழைத்து, "நாளைக்கு மருந்து இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "இன்சூரன்ஸ் பிரச்சினை" என்று மட்டும் சொன்னால் உங்கள் செய்தி நாளைய கோப்பில் சேர்ந்துவிடும்.

கையில் பணம் இருந்தால், முப்பது நாள் மருந்தையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் அரசுப் பட்டியலில் பியூப்ரெனார்ஃபின் மூன்றாம் அட்டவணை மருந்து. சீட்டில் எழுதியதில் சில நாளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைப் பிறகு வாங்கலாம். ஜெனரிக் மாத்திரை, தள்ளுபடி அட்டை இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கப்போவதை மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். காப்பீடு இருக்கும்போது இந்த வகை மருந்தைக் காசு கொடுத்து வாங்கினால் சில கடைகள் சந்தேகப்படும், மருத்துவரின் ஒரு அழைப்பு அதைத் தீர்க்கும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டில் வென்றால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) உள்ளவர்கள் காசை எடுக்கும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும். முன் அனுமதிக் கோரிக்கைக்கு 24 மணி நேரத்தில் பதில் தர வேண்டும், அவசர நிலையில் 72 மணி நேரத்துக்கான மருந்தைத் தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. "72 மணி நேர அவசர அளவு" என்று அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். மெடிகேர் (பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு) மருந்துத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, முதல் 90 நாளுக்குள் ஒரு மாத இடைக்கால மருந்து வாங்கும் வழி உண்டு.

எதுவும் கைகூடவில்லை என்றால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்து நின்றதால் கடும் வேதனையில் இருப்பவரை சிகிச்சைக்கு அனுப்பிவைக்கும் இடைவேளைக்காக, மூன்று நாள் வரைக்குமான மருந்தை மருத்துவர் அங்கேயே தர சட்டம் அனுமதிக்கிறது. எல்லா அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் இது தெரிந்திருக்காது, நீங்களே கேட்க வேண்டியிருக்கலாம். பியூப்ரெனார்ஃபின் எழுதத் தனி அனுமதி வேண்டும் என்ற பழைய விதி 2022 டிசம்பர் இறுதியில் நீக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் அட்டவணை மருந்து எழுத உரிமம் உள்ள எந்த மருத்துவரும் இப்போது எழுதலாம். எந்த மருத்துவரிடம் போவது என்றே தெரியாதவர்களுக்கு 1-800-662-4357 என்ற கூட்டாட்சி உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, பெயர் சொல்லவும் தேவையில்லை.

அளவு மீறி மயங்குபவரை மீட்க வீட்டில் நாலக்சோன் மூக்குத் தெளிப்பு இருக்கட்டும். 2023 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே அது கிடைக்கிறது.

உங்கள் திட்டம் எந்த வகை?

மேல்முறையீடு யாரிடம் போகும், எந்தச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தவை. அட்டையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதால் அந்த நிறுவனமே செலவை ஏற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய வேலை நிறுவனங்கள் பலவற்றில் மருத்துவச் செலவு முதலாளியின் பணத்திலிருந்தே போகிறது; காப்பீட்டு நிறுவனம் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். "நம் திட்டம் செல்ஃப் ஃபண்டட் வகையா, ஃபுல்லி இன்ஷூர்டு வகையா?" என்று மனிதவளத் துறைக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முதல் வகை, அதாவது முதலாளியே செலவை ஏற்கும் திட்டம், எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வரும். அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. இரண்டாம் வகையையும், காப்பீட்டுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) நேரடியாக வாங்கிய திட்டங்களையும் மாநிலக் காப்பீட்டுத் துறை கவனிக்கிறது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் இந்த மருந்துகளுக்கு முன் அனுமதி கேட்பதற்கே சட்டத்தால் தடை போட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தடை முதல் வகைத் திட்டங்களைக் கட்டுப்படுத்தாது.

மெடிகெய்ட் திட்டங்கள் இந்த மூன்று மருந்துகளையும் தந்தே ஆக வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் கூட்டாட்சிக் கட்டாயம். 2024-இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. மெடிகேர், 2020 ஜனவரி முதல் மெத்தடோன் மையங்களின் சிகிச்சைக்கும் பணம் தருகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு வாங்கும் பயணிகள் காப்பீடு வேறு வகையைச் சேர்ந்தது. முன்பிருந்த நோய்களையும் போதைச் சிகிச்சையையும் அவை பெரும்பாலும் விலக்கிவிடுகின்றன. அங்கே மேல்முறையீட்டில் நாளைக் கழிப்பதைவிட, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மருத்துவ மையத்தை நாடுவது மேல்.

பிள்ளைக்காகப் போராடும் பெற்றோருக்கு

26 வயது வரை பிள்ளை உங்கள் திட்டத்தில் இருக்கலாம். ஆனால் 18 வயது நிறைந்துவிட்டால் பிள்ளையின் கையெழுத்து இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் பேசாது. கட்டணம் நீங்கள் கட்டினாலும் அப்படித்தான். பிரதிநிதி நியமனப் படிவத்தை முதல் நாளே வாங்கிக் கையெழுத்து போட வைத்துவிடுங்கள். போதைச் சிகிச்சை மையங்களின் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவுகளைவிடக் கடுமையான தனிக் காப்பு விதி உண்டு. அவற்றை வெளியே அனுப்பத் தனி ஒப்புதல் தேவைப்படும்.

இதை மறுபக்கத்திலிருந்து படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு செய்தி. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு பணம் போனது என்று காட்டும் திட்டத்தின் விவர அறிக்கைகள் அப்பாவின் பெயருக்கு வீட்டுக்குப் போகும் என்ற அச்சத்திலேயே சிலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு வரும் தகவலால் உங்களுக்கு ஆபத்து நேரும் என்று எழுதிக் கொடுத்தால், வேறு முகவரிக்கு அனுப்பும்படி கேட்க ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான படிவம் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்.

ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கூடுதல் கட்டணம் இல்லை. சிகிச்சையில் இருக்கும் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது அவனுக்குக் கொடுமை.

எழுத்தில் முடிவு வாங்குவது

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கவுன்டரில் கிடைத்த மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாமல் போகலாம். பல திட்டங்களின் கணக்கில் அது வெறும் கணினிப் பதில். மருத்துவர் முன் அனுமதிக்கோ விதிவிலக்குக்கோ விண்ணப்பித்து, திட்டம் அதற்கு எழுத்தில் பதில் தந்த பிறகே சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே முதல் வேலை அந்த விண்ணப்பம் போவதை உறுதி செய்வது. "அனுப்பிவிட்டோம்" என்றால், எந்த நாள், எந்த எண்ணுக்கு, பதிவு எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோடு பேசினாலும் பெயரும் நேரமும் குறிப்பும் எழுதும் பழக்கம் வேண்டும். பிறகு ஒருநாள் அந்தக் குறிப்பேடுதான் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

தனிநபர் மற்றும் சிறு நிறுவனத் திட்டங்களில், பட்டியலில் இல்லாத மருந்துக்கான விதிவிலக்குக் கோரிக்கைக்கு 72 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம். மெடிகேர் மருந்துத் திட்டத்திலும் இதே கணக்குதான், ஆனால் விதிவிலக்கு கேட்கும்போது மருத்துவரின் ஆதரவுக் கடிதம் சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள்.

மருத்துவரின் கடிதத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. "இவருக்கு இந்த மருந்து அவசியம்" என்ற ஒற்றை வரிக் கடிதம் தோற்கும். எப்போது நோய் கண்டறியப்பட்டது, எஃப்11.20 போன்ற நோய்க் குறியீடு, முன்பு எந்த மருந்து எந்த அளவில் கொடுக்கப்பட்டது, என்ன ஆனது, இப்போதைய மருந்தில் எவ்வளவு காலம் நிலையாக இருக்கிறார், நிறுத்தினால் என்ன நடக்கும் ஆகியவை இடம்பெற வேண்டும். இதற்கு முன் அதிக அளவால் மயங்கி மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் அதைச் சங்கடப்பட்டு மறைக்க வேண்டாம். கடிதத்தில் அதைவிட வலுவான வரி கிடையாது.

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் சில திரும்பத் திரும்ப வருபவை. ஒவ்வொன்றுக்கும் மருத்துவரிடம் பதில் இருக்கிறது, கடிதத்தில் சேர்க்கும்படி நீங்கள் நினைவூட்டலாம்.

அளவு கூடுதல் என்பார்கள். பியூப்ரெனார்ஃபினுக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் என்ற இலக்கு அளவை உச்ச வரம்பாகக் கொள்ளக் கூடாது, சிலருக்கு 24 மில்லிகிராமுக்கு மேலும் பொருத்தமாகலாம் என்று மருந்தின் விவரக் குறிப்பைத் திருத்தும்படி 2024 டிசம்பரில் உணவு மற்றும் மருந்து நிர்வாகமே பரிந்துரைத்தது. ஃபென்டனில் பழகிய உடலுக்குப் பழைய அளவு போதாமல் போவதை மருத்துவர்கள் நேரில் பார்க்கிறார்கள்.

ஆலோசனை வகுப்புக்குப் போகும் சான்று இல்லை என்பார்கள். அமெரிக்கப் போதை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் இதற்கு நேரான பதில்: நோயாளி ஆலோசனையை மறுத்தாலும் அதைக் காரணம் காட்டி மருந்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ கூடாது.

முதலில் நால்ட்ரெக்சோன் போட்டுப் பாருங்கள் என்பார்கள். அதைத் தொடங்கக் குறைந்தது 7 முதல் 10 நாள் உடலில் ஓபியாய்டு எதுவும் இருக்கக் கூடாது. பியூப்ரெனார்ஃபினில் நிலையாக இருப்பவரிடம் இதைக் கேட்பது, பாதுகாப்பாக நிற்பவரை ஆபத்தில் இறக்குவது. இந்தக் காரணத்தோடு வரும் மறுப்புக் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வாரம் அல்லது மாதம் ஒருமுறை போடும் சப்லோகேட், பிரிக்சாடி போன்ற பியூப்ரெனார்ஃபின் ஊசிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. சில திட்டங்கள் அவற்றை மருந்துப் பிரிவிலும் சில மருத்துவச் சேவைப் பிரிவிலும் வைத்திருக்கின்றன. தவறான பிரிவுக்குப் போன விண்ணப்பம் "பட்டியலில் இல்லை" என்று திரும்பி வரும். எந்தப் பிரிவு என்பதை முதலிலேயே கேட்டுவிட்டால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டதும், திட்டத்தின் மருத்துவரோடு உங்கள் மருத்துவர் நேரடியாகப் பேச வாய்ப்புக் கேட்கலாம். பத்து நிமிடப் பேச்சிலேயே முடிவு மாறிவிடுவதுண்டு. ஆனால் அந்தப் பேச்சு மேல்முறையீடாகக் கணக்கில் சேராது. அதற்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள்.

மேல்முறையீடு

வேலை வழித் திட்டங்களிலும் சந்தைத் திட்டங்களிலும், மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம். காப்பீட்டு நிறுவனம் வழியாக நடக்கும் மெடிகெய்ட் திட்டங்களில் (மேனேஜ்டு கேர்) 60 நாள். ஆனால் மெடிகெய்ட்டில் ஏற்கெனவே அனுமதித்த மருந்தை இடையில் நிறுத்துகிறார்கள் என்றால், 10 நாளுக்குள் முறையிட்டு, முடிவு வரும்வரை மருந்து தொடர வேண்டும் என்றும் எழுதிக் கேளுங்கள். அந்தப் பத்து நாளைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

"அவசர மேல்முறையீடு" என்ற சொற்கள் கடிதத்தின் தலைப்பிலேயே இருக்கட்டும். சாதாரண முறையில், இன்னும் வாங்காத மருந்துக்கு 30 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். அவசரம் என்றால் 72 மணி நேரம். நோயாளியின் நிலை அறிந்த மருத்துவர் "இது அவசரம்" என்று சொல்லிவிட்டால், திட்டம் அதை அவசரமாகவே கருத வேண்டும். திட்டத்துக்கு அதில் தேர்வு இல்லை. தொலைபேசியிலும் அவசரக் கோரிக்கை வைக்கலாம்.

கூடவே உங்கள் முழுக் கோப்பின் நகலையும், மறுக்கப் பயன்படுத்திய விதிமுறையையும் எழுதிக் கேளுங்கள்; அவற்றுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. முதலில் மறுத்தவரே மேல்முறையீட்டையும் பார்க்கக் கூடாது, அவருக்குக் கீழே இருப்பவரும் பார்க்கக் கூடாது.

சமநிலைச் சட்டம்

2008-ஆம் ஆண்டின் மனநல மற்றும் போதைச் சிகிச்சைச் சமநிலைச் சட்டம், உடல்நோய்க்கு இல்லாத கடுமையைப் போதைச் சிகிச்சைக்குக் காட்டக் கூடாது என்கிறது. நீரிழிவு மருந்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி கேட்கும் திட்டம் பியூப்ரெனார்ஃபினுக்கு மாதாமாதம் கேட்டால், ஏன் என்று அது விளக்க வேண்டும். இந்த இரு வகை மருந்துகளுக்கும் விதிக்கும் கட்டுப்பாடுகளை ஒப்பிடும் ஆய்வைத் திட்டங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2021 தொடக்கத்திலிருந்து சட்டம் உண்டு. மேல்முறையீட்டில் இப்படி ஒரு பத்தி சேர்க்கலாம்: "இந்த மருந்துக்கு விதித்திருக்கும் கட்டுப்பாட்டுக்கான ஒப்பீட்டு ஆய்வை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்." எரிசா திட்டங்களில் இத்தகைய ஆவணங்களை 30 நாளுக்குள் தராவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். இந்தச் சட்டம் மெடிகேருக்குப் பொருந்தாது.

வெளியாரின் மறுஆய்வு

உள் மேல்முறையீடும் தோற்றால், திட்டத்தோடு தொடர்பில்லாத மறுஆய்வு அமைப்பிடம் போகலாம். அதற்கு நான்கு மாத அவகாசம். கட்டணம் இருந்தால்கூட 25 டாலருக்கு மேல் போகாது. மருத்துவத் தேவை பற்றிய தகராறுகளை அவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் தரும் முடிவு திட்டத்தைக் கட்டுப்படுத்தும். சாதாரணமாக 45 நாள், அவசரத்துக்கு 72 மணி நேரம். அவசர நிலையில் உள் மேல்முறையீட்டையும் வெளி மறுஆய்வையும் ஒரே நாளில் தொடங்கலாம் என்பதைத் திட்டத்தின் ஊழியர்கள் தாமாகச் சொல்வது அரிது. இந்த வழி வேலை வழித் திட்டங்களுக்கும் சந்தைத் திட்டங்களுக்கும் உரியது. மெடிகெய்ட்டில் அடுத்த படி மாநிலத்தின் நியாய விசாரணை, மெடிகேருக்குத் தனி மேல்முறையீட்டுப் படிகள் இருக்கின்றன.

புகாருக்கு மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வேலை நிறுவனம் தானே செலவை ஏற்கும் திட்டம் என்றால் தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவை 1-866-444-3272 என்ற எண்ணில் அழையுங்கள். மற்றவர்கள் மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு எழுதலாம். அங்கிருந்து ஓர் அதிகாரி கேட்ட பிறகு கோப்பு வேகமாக நகர்வதுண்டு.

அனுமதி கிடைத்த பிறகு

அனுமதிக் கடிதத்தில் முடியும் தேதி ஒன்று இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவர் அலுவலகத்துக்கு நினைவூட்டுங்கள். பழைய கடிதத்தில் நோயாளியின் இப்போதைய நிலையையும் சேர்த்துப் புதுப்பித்து அனுப்பச் சொல்லுங்கள். இடையில் கைக்காசு போட்டு வாங்கிய மருந்துக்கான ரசீதுகளைத் திட்டத்தின் பணம் திரும்பப் பெறும் படிவத்தோடு அனுப்புங்கள். புத்தாண்டில் பல திட்டங்களின் மருந்துப் பட்டியல் மாறுகிறது, வேலை மாறினால் திட்டமே மாறிவிடுகிறது. டிசம்பர் மாதமே புதிய பட்டியலில் உங்கள் மருந்தையும் அதன் வடிவத்தையும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஜனவரி முதல் வாரத்துக்குரிய மருந்து கையில் இருக்கும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.